சலோமிக்கு ஆறு விநாடி

சலோமியை மனிதராக நியமித்தது இரண்டு வருஷத்துக்கு முந்தைய தை மாதத்தில். அதற்கு முன்பு பதினோரு வருஷம் அவள் வெறும் கேட் செக்கராகத்தான் இருந்தாள்.

கீழவாஞ்சூர்ப் பக்கம் ஒரு தனியார் நிலக்கரிக் கிடங்கு. கப்பலில் வந்து இறங்கும் கரியைக் கொண்டுவந்து மலைபோல் குவித்து வைத்திருப்பார்கள். லாரிகள் வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஏற்றிய கரி சாலையெல்லாம் கொட்டாமலும், வழியில் இருக்கிற ஊர்க்காரர்களின் காயப்போட்ட துணியில் போய் உட்காராமலும் இருக்க, ஒவ்வொரு லாரிக்கும் தார்ப்பாய் போட்டு நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்ட வேண்டும். கட்டியிருக்கிறதா என்று பார்ப்பது சலோமியின் வேலை. வாசலில் இரும்பு ஏணி வைத்த ஒரு மேடை உண்டு. லாரி வந்து நின்றதும் அவள் மேடையிலிருந்து குனிந்து பார்ப்பாள். சரியாக இருந்தால் கையை அசைப்பாள், கேட் திறக்கும். அசைக்கவில்லை என்றால் டிரைவர் முனகிக்கொண்டே இறங்கிக் கயிற்றை இழுத்துக் கட்டுவார். அவ்வளவுதான். இதில் தொழில்நுட்பம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாததால், பதினோரு வருஷமும் இது ஒழுங்காக நடந்தது.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் சென்னையிலிருந்து நீலகண்டன் வந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும். மனித–இயந்திரக் கூட்டு நுண்ணறிவு வடிவமைப்பாளர் என்று அவருடைய அட்டையில் போட்டிருந்தது. அட்டை நீளமாக இருந்தும் அந்தப் பெயர் இரண்டு வரிக்கு ஓடியது. கேன்டீன் கொட்டகையில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார். மனிதக் கை ஒன்றும் இயந்திரக் கை ஒன்றும் விரல் நுனியால் தொட்டுக்கொள்வது போல ஒரு படம். இயந்திரம் களைப்படையாது, மனிதருக்கு விவேகம் உண்டு, இரண்டும் சேர்ந்தால் தவறே நடக்காது என்றார். லோடு ஏற்றும் ஆட்கள் கைதட்டினார்கள். அன்றைக்கு டீயோடு கேக்கும் கொடுத்திருந்தார்கள்.

படம் முடிந்ததும், பயனாளரின் தேவைகளைக் கேட்டறியும் கட்டம் என்று ஒன்று வந்தது. பயனாளர் என்றால் சலோமி. அதற்கு இருபது நிமிஷம் ஒதுக்கியிருந்தார்கள். மேடையைப் பார்க்கிறீர்களா என்று அவள் கேட்டாள். நீலகண்டன் தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார், கரி படிந்த ஏணியைப் பார்த்தார், படத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். கம்ப்யூட்டரில் மவுஸ் பிடிக்கத் தெரியுமா என்று. தெரியும் என்றாள். மிச்சம் பதினெட்டு நிமிஷத்தில் அவர் திருநள்ளாறு கோயில் எத்தனை மணிக்கு நடை சாத்தும் என்று விசாரித்துக்கொண்டார்.

ஒரு மாதத்தில் 'கழுகுக்கண்' வந்து இறங்கியது. வாசலுக்கு மேலே ஒரு கம்பத்தில் கேமரா. மேடைக்குப் பின்னால் ஏசி போட்ட ஒரு சின்ன அறை, அதில் ஒரு திரை, ஒரு நாற்காலி. சலோமிக்கு வேலை மாற்றக் கடிதம் கொடுத்தார்கள். அதில் அவளுடைய புதிய பதவி 'மனித நுண்ணறிவுப் பிரதிநிதி' என்று இருந்தது. வீட்டில் கணவன் மார்ட்டின் அதை இரண்டு தடவை வாசித்தான். அவன் காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவன். "ஊருல இத்தன பேரு இருக்க, மனுஷங்களுக்கெல்லாம் பிரதிநிதியா ஒன்னப் போட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

வேலை மிகவும் எளிதாகிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். லாரி வந்து நிற்கும். திரையில் அதன் படம் வரும். படத்தோடேயே மூலையில் பச்சைப் பட்டையில் கழுகுக்கண்ணின் தீர்ப்பும் வரும்: மூடப்பட்டது, 97 சதவீதம். கீழே ஆறிலிருந்து எண்கள் இறங்கும். அந்த ஆறு விநாடிக்குள் சலோமி எதையும் அமுக்கவில்லை என்றால் அவள் ஒப்புக்கொண்டதாக அர்த்தம், கேட் திறக்கும். ஒப்புக்கொள்ளவில்லை என்றால் சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினால் ஒரு படிவம் திறக்கும். பதினான்கு கேள்விகள், எல்லாம் ஆங்கிலத்தில். அதை நிரப்பி முடித்தால்தான் மறுப்பு செல்லும். நிரப்பி முடிப்பதற்குள் ஆறு விநாடி ஆகி, லாரி நாகூர் எல்லையைத் தாண்டியிருக்கும்.

ஆறு விநாடி ஏன் என்று அவள் கேட்டதற்கு, மனிதர்கள் ஒரு முடிவெடுக்கச் சராசரியாக நாலு விநாடி ஆகும் என்று ஆராய்ச்சி இருப்பதாக நீலகண்டன் போனில் விளக்கினார். "ஒங்களுக்காக ரெண்டு விநாடி கூடவே போட்டிருக்கோம்மா" என்றார். சலோமி நன்றி சொன்னாள்.

கழுகுக்கண்ணுக்கு ஒரு சின்ன பலவீனம் இருந்தது. அது படித்தது வடநாட்டில் ஏதோ ஒரு கிடங்கின் படங்களை வைத்து. அங்கே தார்ப்பாய் நீலத்திலும் ஆரஞ்சிலும் இருந்ததாம். இங்கே எல்லாம் கறுப்பு. கரியும் கறுப்பு. தூசி பறக்காமல் இருக்கக் கரிக் குவியலில் தண்ணீர் அடிப்பார்கள். நனைந்த கரியைச் சமமாக ஏற்றி வெயிலில் நிறுத்தினால் அது தார்ப்பாய் போலவே பளபளக்கும். கழுகுக்கண் அதைப் பார்த்து மனநிறைவோடு மூடப்பட்டது என்று சொல்லும். ஒருநாள் கேமராவுக்கு முன்னால் ஒரு காகம் வந்து உட்கார்ந்துவிட்டது. திரை முழுக்கக் கறுப்பு. மூடப்பட்டது, 99 சதவீதம் என்றது கழுகு. அதற்கு முன்னாலும் பின்னாலும் எந்த லாரிக்கும் அது அவ்வளவு உறுதியாகச் சொன்னதில்லை. சலோமி சிவப்பை அமுக்கினாள். காரணங்களின் பட்டியலில் காகம் இல்லை. 'மற்றவை' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஐம்பது எழுத்துக்குக் குறையாமல் விளக்கம் கேட்டது. அவள் எழுதி முடிப்பதற்குள் மூன்று லாரிகள் போய்விட்டன. காகமும் போய்விட்டது. பிறகு சென்னையில், காகம் உட்காருவதற்கு முந்தைய படத்தை வைத்துச் சரிபார்த்தபோது, அப்போது நின்ற லாரி ஒழுங்காக மூடியிருந்ததாகத் தெரிந்தது. அந்த வார அறிக்கையில் அது 'மனிதப் பிழை' என்று ஏறியது.

மாதக் கடைசியில் 'ஒத்திசைவு விகிதம்' என்று ஒரு கணக்கு வரும். மனிதரும் இயந்திரமும் எத்தனை தடவை ஒரே பதில் சொன்னார்கள் என்று. முதல் மாதம் சலோமிக்கு எண்பத்தொன்று வந்தது. கிடங்கு மேலாளர் ஜெகபர் சாதிக் அவளைக் கூப்பிட்டார். பதினெட்டு வருஷம் துபாயில் கன்டெய்னர் யார்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். நல்ல மனுஷர், யாரையும் அதட்டிப் பேச வராது. அதனாலேயே தலைமை அலுவலகத்தில் எல்லாரும் அவரை அதட்டுவார்கள்.

"ஏம்மா, அதோட கொஞ்சம் ஒத்துப்போங்களேன்" என்றார். "அந்த மனுஷிக்கு என்ன பிரச்சினைன்னு ஹெட் ஆபீஸ்ல கேக்கறாங்க."

பிரச்சினை மெஷினுக்கு என்று அவள் சொல்லிப் பார்த்தாள். மெஷினுக்கு மாதக் கடைசியில் யாரும் போன் பண்ணுவதில்லையே என்றார் அவர் வருத்தத்தோடு. அது உண்மைதான்.

சலோமி ஒத்துப்போகப் பழகினாள். மூன்றாவது மாதத்தில் விகிதம் தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறுக்குப் போனது. மனிதர் இயந்திரத்தை நம்பக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று நீலகண்டன் பாராட்டி மெயில் அனுப்பினார். 'மாதத்தின் சிறந்த கூட்டாளிகள்' என்று கேன்டீனில் ஒரு படம் ஒட்டினார்கள். இடது பக்கம் சலோமி, வலது பக்கம் கம்பத்தில் கேமரா. இரண்டில் கேமராதான் கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது.

அந்த ஒத்துப்போதல் பொத்தான் அமுக்காததோடு நிற்கவில்லை என்பது சலோமிக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. பார்வை அல்ல, பார்க்கிற பழக்கம். மேடையில் நின்றபோது காற்றில் ஒரு கயிறு படபடக்கும் சத்தமே போதும், கட்டு தளர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். தார்ப்பாயைச் சுருட்டி சீட்டுக்குக் கீழே வைத்திருக்கிற டிரைவர் மேலே நிமிர்ந்து பார்க்கவே மாட்டார், அதுவும் தெரியும். இந்த அறையில் படத்துக்கு முன்னால் பச்சைதான் கண்ணில் படும். பச்சையைப் பார்த்த பிறகு படத்தைப் பார்த்தால், படமும் பச்சை சொன்னபடிதான் தெரிந்தது. இது அவளுக்கே பயமாக இருந்தது. ஒருநாள் மாதா கோயில் நவநாள் நோட்டீஸ் ஒன்றைக் கிழித்துத் திரையின் அந்த மூலையை மறைத்து ஒட்டினாள். உடனே பழையபடி லாரி லாரியாகத் தெரிந்தது. இரண்டு நாள் நிம்மதியாக வேலை பார்த்தாள். மூன்றாவது நாள், கருவியைச் சேதப்படுத்த முயன்றதாக எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்த அறைக்குள்ளும் ஒரு கேமரா இருந்தது.

போன ஆடியில் அது நடந்தது. காலை பதினொரு மணி இருக்கும், மேல்காற்று வாரி அடித்துக்கொண்டிருந்தது. ஒரு லாரி தார்ப்பாய் இல்லாமலேயே வந்து நின்றது. நனைந்த கரி, சமமாக ஏற்றிய கரி. மூடப்பட்டது, 96 சதவீதம். சலோமி நாற்காலியில்தான் இருந்தாள், திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு, ஐந்து, நாலு என்று இறங்கி முடிந்தது. கேட் திறந்தது.

போலகம் திருப்பத்தில் லாரி வேகமாக வளைந்தபோது கரி சரிந்து சாலையில் கொட்டியது. பின்னால் மொபெட்டில் மீன் பெட்டியோடு வந்த மாரிக்கண்ணு அதில் ஏறி வழுக்கி விழுந்தாள். காரைக்கால்மேட்டுக்காரி. ஏலத்தில் மீன் எடுத்துக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோய் விற்கிறவள். வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. ஊர்க்காரர்கள் இரண்டு மணி நேரம் சாலையை மறித்தார்கள்.

கழுகுக்கண் வந்த நாளிலிருந்து, நடந்த நல்லதெல்லாம் அதன் சாதனை என்று அறிக்கை வந்துகொண்டிருந்தது. இப்போது முதல்முறையாக மனிதருக்குரிய இடத்தை மனிதருக்குக் கொடுத்தார்கள். கழுகுக்கண் ஆலோசனை மட்டுமே சொல்லும், இறுதி முடிவு மனித நுண்ணறிவுப் பிரதிநிதியுடையது, பிரதிநிதி ஒப்புதல் அளித்ததற்குப் பதிவு இருக்கிறது, ஆகவே மனிதப் பிழை என்று தலைமை அலுவலகம் எழுதியது. தவறை ஒப்புக்கொண்டு மூன்று நாளில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

சலோமி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றாள். போனால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும், வக்கீல் யாரையாவது கேட்டுவிட்டுப் போகலாம் என்றான் மார்ட்டின். சொன்னவனே ஆட்டோவில் கொண்டுபோய் இறக்கியும் விட்டான். வழியில் சாத்துக்குடி வாங்கினாள்.

மாரிக்கண்ணுவுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். கட்டுப் போட்ட கையை மார்மேல் வைத்துக்கொண்டு, சாலையில் சிதறிப்போன சங்கராவைப் பற்றிப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவ்வளவு நல்ல மீன் அந்த வாரம் முழுக்கவே வரவில்லையாம். சலோமி தான் கிடங்கிலிருந்து வருவதாகச் சொன்னாள். மாரிக்கண்ணு அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அந்த வண்டிய வாசல்ல பாக்குறதுக்கு ஆளே கெடையாதா?"

"இருக்கு. நாந்தான்."

"நீ பாத்தியா?"

சலோமி சாத்துக்குடிப் பையைக் கட்டிலோரம் வைத்தாள். "கண்ணு முன்னாடிதான் நின்னுச்சு. நான் பாக்கல" என்றாள்.

"அப்ப என்னத்துக்கு அங்க போயி ஒக்காந்திருக்க?"

பதினான்கு கேள்விப் படிவத்தில் எங்கேயும் இந்தக் கேள்வி இல்லை. மாரிக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிறிது நேரம் கழித்து, பழத்தை ஒரு கையால் உரிக்க முடியாது என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். சலோமி உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரித்து, கொட்டை எடுத்துக் கொடுத்தாள். நாலு பழம் தீரும்வரை இருந்துவிட்டுத்தான் எழுந்தாள்.

மூன்றாம் நாள் நீலகண்டன் விசாரணைக்கு வந்தார். ஜெகபர் சாதிக் மேசைமேல் கடிதத்தையும் பேனாவையும் வைத்தார். சலோமி பேனாவைத் தொடவில்லை. கையெழுத்துப் போடுகிறேன், அதற்கு முன்னால் நீங்கள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு மணி நேரம் என் நாற்காலியில் உட்கார வேண்டும் என்றாள். நான் மேடையில் நின்று என் கண்ணால் பார்க்கிறேன், கேட்டுக்கு அப்பால் சங்கிலி போட்டு வண்டிகளை நிறுத்திவைப்போம், எதுவும் வெளியே போகாது என்றாள். இது நடைமுறையில் இல்லாத ஒன்று என்று நீலகண்டன் ஆரம்பித்தார்.

"ஒக்காருவோம் சார்" என்றார் ஜெகபர் சாதிக். "அந்தம்மா ஒன்ற வருஷமா ஒக்காந்திருக்காங்க." அவர் வாழ்க்கையில் யாரையும் எதிர்த்துப் பேசியது அதற்கு முன்பு எப்போது என்று அவருக்கே நினைவில்லை.

முதல் ஒரு மணி நேரத்தில் இருபத்திரண்டு லாரிகள் வந்தன. சலோமி மேடையிலிருந்து பார்த்ததில் ஐந்துக்குக் கட்டு சரியில்லை, அதில் இரண்டுக்குத் தார்ப்பாயே இல்லை. நாற்காலியில் இருந்த நீலகண்டன் இருபத்திரண்டையும் ஒப்புக்கொண்டிருந்தார். ஒத்திசைவு விகிதம் நூறு. அடுத்து ஜெகபர் சாதிக் உட்கார்ந்தார். துபாய் யார்டில் பழகிய கண், நாலாவது லாரியிலேயே சந்தேகம் வந்து சிவப்பை அமுக்கினார். படிவத்தின் ஐந்தாவது கேள்வியில் அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தபோது அந்த லாரியும் அதற்கடுத்த இரண்டும் கேட்டைத் தாண்டிச் சங்கிலிக்கு வந்துவிட்டன. பிறகு அவர் எதையும் அமுக்கவில்லை.

நீலகண்டன், தான் ஒப்புக்கொண்டதில் தார்ப்பாயே இல்லாத அந்த இரண்டு லாரிகளின் படத்தை மறுபடி போடச் சொன்னார். மூலையைத் தன் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது திறந்துதான் கெடக்கு" என்றார். "அப்பவும் எனக்கு லேசா தோணுச்சு. பச்சை வந்திருக்கேன்னு விட்டுட்டேன்."

"எனக்கும் அதான் சார் ஆச்சு" என்றாள் சலோமி. குத்திக்காட்டுகிற தொனி அதில் இல்லை. அதனால்தானோ என்னவோ, அவருக்குக் கூடுதலாக உறைத்தது.

பிறகு அவள் கேட்டது இவ்வளவுதான். "மொதல்ல எனக்குப் படத்த மட்டும் காட்டுங்க. என்னன்னு நான் சொல்லிடுறேன். அதுக்கப்புறம் அது சொல்லட்டும். ரெண்டு பேரும் சரின்னா வண்டி போகட்டும், ஒருத்தர் இல்லேன்னாலும் நிக்கட்டும். நான் எதையும் அமுக்காம இருந்தாலும் நிக்கட்டும்." சந்தேகம் வந்தால் மேடையேறிப் பார்க்க நேரம் வேண்டும், படிவம் வேண்டாம் என்றும் சொன்னாள். நீலகண்டன் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். பயனாளரின் தேவைகளைக் கேட்டறியும் கட்டம் ஒன்றரை வருஷம் தாமதமாக நிறைவு பெற்றது.

மாற்ற மூன்று மாதம் ஆயிற்று. கறுப்புத் தார்ப்பாயின் படங்களையும் கழுகுக்கண்ணுக்குப் புகட்டினார்கள். புது ஏற்பாட்டில் முதல் வாரம் அறுபத்து மூன்று லாரிகள் நின்றன. டிரைவர்கள் சலோமியின் குடும்பத்தைப் பற்றி அன்பாக விசாரித்தார்கள். இரண்டாவது மாதத்தில் வாரத்துக்கு நாலு என்று ஆனது, எல்லாரும் உள்ளேயே கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருநாள் சலோமிக்குக் காய்ச்சல். தலை கனத்துக்கொண்டிருந்ததில், பின்பக்க மூலை திறந்திருந்த ஒரு லாரியை அவள் சரி என்று சொல்லிவிட்டாள். கழுகுக்கண் இல்லை என்றது. அவள் எரிச்சலோடு மேடையேறிப் பார்த்தாள். அது சொன்னதுதான் சரி. அன்று மாலை மார்ட்டினிடம் அதைப் பற்றிச் சொல்லும்போது முதல்முறையாக, "பரவாயில்ல, அதுக்கும் கண்ணு தெரியுது" என்றாள்.

அவளுக்கு வந்த கடிதத்தில் 'மனிதப் பிழை' என்பதை அடித்து 'கூட்டுப் பிழை' என்று திருத்திக் கொடுத்தார்கள். மாரிக்கண்ணுவுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. கை பழையபடி மடங்கவில்லை, பெட்டியை இடது கையால்தான் தூக்குகிறாள். வெள்ளிக்கிழமைகளில் சலோமி வீட்டுக்கு மீன் அவள்தான் கொண்டுவருகிறாள். பேரத்தில் இரக்கம் காட்டுவதில்லை.

முதலில் படம், பிறகு தீர்ப்பு என்பதற்குத் 'தாமத வெளிப்பாட்டுக் கட்டமைப்பு' என்று பெயர் வைத்து, நீலகண்டன் ஐதராபாத்தில் ஒரு மாநாட்டில் ஒரு கட்டுரை வாசித்தார். நல்ல வரவேற்பாம். கடைசிப் பக்கத்தில் களப்பணியாளர்களுக்கு நன்றி இருந்தது. சலோமிக்குத் தனியாகச் சான்றிதழும் வந்தது, 'திரு. சாலமன் அவர்களுக்கு' என்று. திருப்பி அனுப்பித் திருத்தி வாங்கலாமா என்று ஜெகபர் சாதிக் கேட்டார். வேண்டாம் சார், போன தடவை மனுஷின்னு மட்டும்தான் சொன்னாங்க, இப்ப பேரு வரைக்கும் வந்துட்டாங்க என்றாள்.

சென்ற மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து புதிய திட்டம் ஒன்று வந்திருக்கிறது. சலோமி கவனமாகப் பார்க்கிறாளா என்று கவனிக்க, அவள் கண்ணசைவைப் படிக்கும் இன்னொரு கேமரா. அது சரியாகக் கவனிக்கிறதா என்று தினமும் சரிபார்த்து அறிக்கை தர வேண்டியவர் சலோமி. தனக்கு ஆட்சேபம் இல்லை, அதை மாட்ட வருகிறவர்கள் அப்படியே ஏசியிலிருந்து ஒழுகும் தண்ணீருக்கும் ஒரு வழி பண்ணினால் நல்லது, ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று அவள் பதில் எழுதினாள். அந்தப் பதிலுக்குப் பதில் இன்னும் வரவில்லை. ஏசிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி இருக்கிறது. மத்தியானத்துக்குள் நிறைந்துவிடும், அவளேதான் எடுத்துப்போய் ஊற்றிவிட்டு வருகிறாள்.